யாழ்ப்பாணத்து வளவும் நம்ம லயத்து வாசலும்

(வீட்டுத்தோட்டப் பாடம்)



"தோட்டம்" என்று சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது தேயிலை மலை, பெரட்டுக்களம், லயம், துரை பங்களா. யாழ்ப்பாணத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போறன்" என்று சொன்னால், வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ தண்ணி கட்டப் போகிறார் என்று அர்த்தம். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. நமக்குத் தோட்டம் என்பது சம்பளத்துக்கு வேலை செய்யும் இடம். அவர்களுக்கு அது கறிச்சட்டிக்குச் சாமான் தருகிற இடம்.

இந்த முறை நம்ம பாடம் அந்த யாழ்ப்பாணத்துத் தோட்டத்தைப் பற்றியது. அங்கே எப்படிச் செய்கிறார்கள், அதில் நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

ஆறு இல்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரி காலத்தில் மட்டும் ஓடும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் மண்வெட்டியால் கொஞ்சம் ஆழமாகக் கொத்தினால் கல்லில் முட்டும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். வருஷத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை. நம்ம மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் 2,000 மில்லிமீட்டருக்கு மேலே பெய்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில்தான் கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், அச்சுவேலி, புத்தூர் போன்ற ஊர்களில் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், கத்தரி, பீற்றூட், கோவா எல்லாம் விளைகின்றன. நீர்வேலி என்றால் வாழை. தென்மராட்சி என்றால் பலாவும் மாவும். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளுக்குக் காலையில் போய்ப் பார்த்தால், ஆறு இல்லாத ஊரா இது என்று தோன்றும்.

தண்ணி எல்லாம் கிணற்றுத் தண்ணிதான். அந்தக் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். ஒருவர் துலா மரத்தின் மேல் நடந்து ஏறி இறங்க, இன்னொருவர் பட்டை பிடித்து ஊற்ற, வாய்க்கால் வழியாகத் தண்ணி பாத்திக்குப் போகும். பிறகு மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்சார மோட்டாரும் வந்தன. இப்படிப் பாடுபட்டு எடுத்த தண்ணியை யாரும் சும்மா ஓட விடமாட்டார்கள். நாம் படிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

வளவுக்குள் எதுவும் வீண் போகாது

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியுள்ள காணியை வளவு என்பார்கள். நான் அங்கே போயிருந்தபோது ஒரு வளவை ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தேன். கிணற்றடியில் குளிக்கிற தண்ணி ஒரு சின்ன வாய்க்காலில் ஓடி நாலைந்து வாழைக்குப் போனது. அதற்கப்பால் ஒரு கமுகு, அதன் அடியில் வல்லாரை. "ஏன் ஆச்சி, வாழையை இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "தம்பி, தண்ணியைச் சும்மா ஓட விடலாமோ? வாழை குடிக்குமெல்லோ" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த ஒரு பதிலை வளவு முழுக்கப் பார்க்கலாம்.

வேலி: பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை போன்ற கதியால்களை நட்டு வளர்ப்பார்கள். நாம் கிளிரிசிடியா என்பதைத்தான் அங்கே சீமைக்கிளுவை என்கிறார்கள். வேலி வெறும் காவலுக்கு மட்டுமில்லை. வெட்டுகிற குழை ஆட்டுக்குத் தீனி. மிச்சம் தோட்ட மண்ணுக்குப் பசளை. தடி அடுப்புக்கு விறகு.

பனையோலை: வேலியடைத்த ஓலையும் கூரை வேய்ந்த ஓலையும் பழசானதும் எரித்துவிட மாட்டார்கள். தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். அது மெதுவாக உக்கி மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஆடு மாடு: அறுவடை முடிந்த காணியில் இரவில் ஆட்டையோ மாட்டையோ பட்டியில் அடைப்பார்கள். எருவும் சலமும் அந்த இடத்திலேயே மண்ணில் சேரும். சுமந்து கொண்டுபோகும் வேலை மிச்சம்.

அடுக்களைப் பக்கம்: முருங்கை, கறிவேப்பிலை, பப்பாசி, தேசி, அகத்தி. அரிசி கழுவிய தண்ணி, மீன் கழுவிய தண்ணி எல்லாம் இவற்றின் அடிக்குத்தான்.

மரமும் கொடியும்: மரத்தில் இராசவள்ளிக் கொடியை ஏற்றிவிடுவார்கள். பாவலும் புடலையும் பந்தலில். பயிற்றை வேலியில். ஒரே நிலத்தில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று.

சாம்பல்: பூசணி, வெண்டி விதைகளில் சாம்பல் தடவிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். பூச்சி வந்தால் இலைமேல் தூவுவார்கள். வெங்காயத்தில் நல்ல பிடியாகப் பார்த்துக் கட்டித் தொங்கவிட்டு அடுத்த முறைக்கு விதை வெங்காயமாக வைப்பார்கள்.

பாருங்கள், இதில் காசு கொடுத்து வாங்கியது எது? அநேகமாக ஒன்றுமில்லை. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு.

பசி வந்த வருஷங்கள்

வீட்டுத்தோட்டம் என்றதும் சிலர் அதை வேலையில்லாதவர் செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். நம்ம பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1970க்குப் பிறகு அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை விழுந்தது. அதே காலத்தில், 1973, 1974இல், நம்ம தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. கிழங்கையும் கீரையையும் தேடி அலைந்தார்கள். பட்டினியால் செத்தவர்கள் பலர். ஒரே நாடு, ஒரே அரசாங்கம், ஒரே வருஷங்கள். சொந்தக் காணியும் கிணறும் இருந்தவருக்குக் காசு வந்தது. ஒரு பாத்தி மண்கூடச் சொந்தமில்லாதவருக்குப் பசி வந்தது. அப்போதும், 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகும் நம்ம ஆட்கள் பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தது நமக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்கும் கெட்ட காலம் வந்தது. 1990 முதல் யுத்தத்தால் பெற்றோல், மண்ணெண்ணெய், யூரியா போன்றவற்றுக்குத் தடையும் கட்டுப்பாடும். மின்சாரம் இல்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது மறுபடியும் சாமான் தட்டுப்பாடு, விலை எட்டாத உயரம். அந்த நாட்களில் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது வளவு முருங்கையும் பப்பாசியும் மரவள்ளியும் பனங்கிழங்கும்தான். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சி, கையில் கிடைத்த பயிற்றங்காயையும் முருங்கையிலையையும் போட்டுக் குடித்தார்கள்.

நமக்கும் அண்மையில் நடந்தது மறந்திருக்காது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தாலும் அதற்குள் மரக்கறி விளைச்சல் குறைந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருஷத்துக்குள் 90 வீதத்துக்கும் மேலே கூடியிருந்தது. நம்ம சம்பளம் அப்படிக் கூடவில்லை. முதலில் நாம் நிறுத்தியது எது? மரக்கறியும் கீரையும் முட்டையும்தான். சோறும் ரொட்டியும் சம்பலும் மட்டும் மிஞ்சின.

இதனால் யாருக்கு நட்டம்? 2016இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. தோட்டப்புறத்தில் மட்டும் அது 100க்கு 32. நெருக்கடி வருவதற்கு முந்திய கணக்கு இது. பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளை நிறுக்கும்போது இதை நாம் நேரிலேயே பார்க்கிறோம். வீட்டுத்தோட்டம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. சம்பளம், நல்ல தண்ணி, கக்கூஸ், காணி எல்லாம் வேண்டும். ஆனால் பிள்ளையின் தட்டில் தினமும் ஒரு பிடி கீரை வருவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

அங்கே நடந்த தவறையும் படிப்போம்

யாழ்ப்பாணத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நினைக்கக் கூடாது. இயந்திரம் வந்த பிறகு தண்ணி அதிகமாக இறைத்தார்கள். அங்கே நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதப்பது போல நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். கடற்கரைப் பக்கக் கிணறுகள் பல இப்படி உவரானவைதான்.

உரமும் அப்படித்தான். யூரியாவில் 100க்கு 46 பங்கு நைதரசன். தேவைக்கு மேலே போட்டால் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூட இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாயும் நோய் வரலாம்.

நமக்கு இதில் என்ன பாடம்? நம்ம குடிதண்ணி பீலியிலிருந்தும் ஊற்றிலிருந்தும் வருகிறது. ஊற்றுக்கு மேற்புறத்தில் எருக்கிடங்கு வெட்டாதீர்கள், உரம் கொட்டாதீர்கள். மேலே நாம் போடுவதைத்தான் கீழே இன்னொரு லயத்தார் குடிக்கிறார்கள்.

நம்ம இடத்துக்கு எது பொருந்தும்?

யாழ்ப்பாணத்துச் செடிகளை அப்படியே கொண்டுவந்து நுவரெலியாவில் நட்டால் வராது. முருங்கை வெயிலுக்குப் பழகிய மரம், கடும் குளிரில் காய்க்காது. முறையைத்தான் எடுக்க வேண்டும், செடியை இடம் பார்த்துத் தெரிய வேண்டும்.

உயர்ந்த குளிர்ப் பகுதிகளில் (நுவரெலியா, அட்டன், தலவாக்கலை பக்கம்): கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட், நோகோல், போஞ்சி, சௌசௌ, மரத்தக்காளி, வல்லாரை, புதினா.

நடுத்தர உயரத்தில் (கண்டி, பதுளை, மாத்தளை பக்கம்): போஞ்சி, கறிமிளகாய், தக்காளி, பயிற்றை, பொன்னாங்காணி, வல்லாரை, வற்றாளை, வாழை, பப்பாசி.

தாழ்ந்த பகுதிகளில் (இரத்தினபுரி, கேகாலை இறப்பர் தோட்டங்கள்): கத்தரி, வெண்டி, பயிற்றை, புடலை, பாவல், மரவள்ளி, பூசணி, முருங்கை, அகத்தி.

மண்ணிலும் வித்தியாசம் உண்டு. அங்கே சுண்ணாம்பு மண். இங்கே தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண். மரக்கறிக்கு இவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால் நடுவதற்கு 2, 3 கிழமைக்கு முன் சதுர யார் ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் போட்டுக் கிளறி விடுங்கள். கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல் போடலாம். சாம்பலையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நாளில் கலந்து போட வேண்டாம், சாணத்தின் சத்துப் போய்விடும்.

இடம் எவ்வளவு வேண்டும்? யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் கிடைத்தவர்களுக்கு வீடு போக மிச்சத்தில் நல்ல வளவு ஒன்றே செய்யலாம். லயத்து வாசலில் அரை பேர்ச் இருந்தால்கூட 3 அடி அகலம், 12 அடி நீளத்தில் மூன்று பாத்தி போடலாம். அதுவும் இல்லையென்றால் பழைய சாக்கு இருக்கிறது. இதைக் கீழே சொல்கிறேன்.

செய்முறை

1. முதலில் கேளுங்கள். லயத்துக் காணி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பது. பாத்தி போடுவதற்கு முன் தோட்ட அலுவலரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ சொல்லி இடத்தைக் காட்டிக் கொள்ளுங்கள். காணி நிச்சயமில்லாத இடத்தில் கீரை, போஞ்சி போன்ற குறுங்காலப் பயிரை வையுங்கள். மரம் வைப்பதை அனுமதி கிடைத்தபிறகு யோசிக்கலாம்.

2. எருக்கிடங்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் பச்சைக் குழை, அதன்மேல் கரைத்த சாணம், கொஞ்சம் மண். இப்படியே அடுக்கடுக்காக நிரப்பி, மழை இறங்காமல் மூடுங்கள். 3 கிழமைக்கு ஒரு தடவை புரட்டுங்கள். சூடான இடத்தில் 3 மாதத்திலும் குளிர் இடத்தில் 4, 5 மாதத்திலும் எரு தயார். கறுப்பாக, மண்வாசனையோடு உதிர்ந்தால் சரி. மாடு வளர்ப்பவர்கள் சாணம் முழுவதையும் வெளியே விற்றுவிடாமல், கிழமைக்கு இரண்டு கூடையாவது வீட்டுக் கிடங்குக்கு வையுங்கள்.

3. வேலி. நடுத்தர, தாழ்ந்த பகுதிகளில் மணிக்கட்டுத் தடிப்பில் 5, 6 அடி கிளிரிசிடியாத் தடிகளை ஒரு அடி ஆழத்தில் நடுங்கள். இடைவெளி ஒன்றரை முதல் 2 அடி. வேர் பிடித்து ஒரு வருஷம் ஆனதும் வருஷத்துக்கு 3 தடவை குழை வெட்டலாம். குளிர் இடத்தில் அது சரியாக வராது. அங்கே ரோட்டோரத்தில் தானாக வளரும் காட்டுச் சூரியகாந்தி இலையை வெட்டிப் போடலாம், அதுவும் நல்ல பசளை. தோட்டத்து நிழல்மரத்தைக் கேட்காமல் வெட்ட வேண்டாம்.

4. பாத்தி. சரிவு நிலத்தில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒரே மழையில் மண் ஆற்றுக்குப் போகும். சரிவுக்குக் குறுக்காகவே போடுங்கள். மேற்பக்கம் சின்னக் கான் வெட்டித் தண்ணியைத் திருப்புங்கள். கீழ்ப்பக்கம் கல் அடுக்குங்கள் அல்லது சேரைப் புல் நடுங்கள். பாத்தியை வெறுமையாக விடாமல் சருகால் மூடி வையுங்கள். அங்கே ஓலை ஈரம் காப்பதைப் போல இங்கே சருகு மண்ணைக் காக்கும்.

5. கழிவுத் தண்ணி. பீலியில் குளித்து, துணி துவைத்து ஓடுகிற தண்ணியைக் கானில் விடாமல் ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கோ சௌசௌவுக்கோ திருப்புங்கள். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு அந்தத் தண்ணி வேண்டாம். கக்கூஸ் தண்ணி கலக்கும் கானுக்குப் பக்கத்தில் எந்தக் கீரையும் வைக்க வேண்டாம்.

6. சாக்குத் தோட்டம். 50 கிலோச் சாக்கு ஒன்றை எடுத்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் பாதிக்குப் பாதி நிரப்புங்கள். மேலே இரண்டு தக்காளி அல்லது கறிமிளகாய், பக்கங்களில் கீறி பொன்னாங்காணித் தண்டு. இஸ்தோப்பு ஓரத்தில் வெயில் படும் இடமாக இருந்தால் போதும். உரச் சாக்கை நன்றாகக் கழுவுங்கள். மருந்து வந்த கான், போத்தல் எதையும் வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள்.

7. பூச்சி. காலையில் பனி ஈரத்தோடு சலித்த சாம்பலைத் தூவினால் அழுக்கணவன் குறையும். வேப்பங்கொட்டை கிடைத்தால், தோல் நீக்கி இடித்த பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணியில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். யாழ்ப்பாணத்தில் வேம்பு வீட்டுக்கு வீடு. இங்கே இல்லாவிட்டால் உள்ளியும் மிளகாயும் அரைத்துக் கரைத்த தண்ணி உதவும். கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

8. விதை. ஒவ்வொரு செடியிலும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். அது அடுத்த போக விதை. கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. அதனால் நாட்டு விதை வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டாரோடு மாற்றிக் கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு மருந்துப் பாத்தி

வளவுகளில் தூதுவளை, முசுமுசுக்கை, முடக்கொத்தான், துளசி, கற்பூரவள்ளி போன்றவற்றை ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். தடிமன், இருமலுக்குக் கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு எடுப்பது, தூதுவளை ரசம் வைப்பது எல்லாம் நம்ம பாட்டிமாருக்கும் தெரிந்தவைதான். புதினா, இஞ்சி, கொத்தமல்லியையும் சேர்த்து ஒரு பாத்தி போடுங்கள். ஆனால் ஆடாதோடையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ நெஞ்சு உள்ளே இழுத்தாலோ மூலிகையோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இன்னொன்று: புல்லுக்கு மருந்து அடித்த மலையில் வல்லாரையோ வேறு கீரையோ பறிக்காதீர்கள். வீட்டில் ஒரு பாத்தி இருந்தால் அங்கே போய்ப் பறிக்கவே தேவையில்லை.

விளைந்ததைச் சாப்பிடும் முறை

கொழுந்து எடுக்கும் பெண்களில் பலருக்கு ரத்தம் குறைவு. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் அது உடம்பில் சேர வேண்டுமே. கீரைக்கறியில் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது தக்காளி, பப்பாசி ஒன்றைக் கூடச் சாப்பிடுங்கள். இவை இரும்பைச் சேர்க்கும். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் தேயிலைச் சாயம் அதைச் சேர விடாது. நாம் பறிக்கிற தேயிலைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னே பின்னே குடியுங்கள். கீரையை நறுக்கிய பிறகு கழுவாமல் கழுவிய பிறகு நறுக்குங்கள், அளவாக வேக வையுங்கள், கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேருங்கள். விளைந்ததில் நல்லதை விற்றுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். முதல் பிடி கீரை வீட்டுச் சட்டிக்கு, மீந்தது விலைக்கு.

"நேரம் எங்கே இருக்கிறது?"

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மலைக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து வந்து, தண்ணி, விறகு, சமையல் என்று ஓடும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையை வைப்பது சரியில்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டம் கொத்துவது, தண்ணி இறைப்பது ஆண்களின் வேலை. இங்கேயும் கிடங்கு வெட்டுவது, பாத்தி கொத்துவது, வேலி கட்டுவது ஆண்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் வேலை முன்னேரத்தில் முடிகிறது. அந்த நேரத்தில் அரை மணித்தியாலம் போதும். தண்ணி ஊற்றுவதைப் பெரிய பிள்ளைகள் பார்க்கலாம்.

"குரங்கும் பன்றியும் விடாதே" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் ஒரு வீடு மட்டும் செய்யாமல் லயம் முழுக்கச் சேர்ந்து செய்யச் சொல்கிறேன். ஒரே வேலிக்குள் பத்துக் குடும்பத்துப் பாத்தி இருந்தால் காவலும் சுலபம், வேலிச் செலவும் குறைவு. வல்லாரை, புதினா, இஞ்சி, மிளகாயைக் குரங்கு அவ்வளவாகத் தொடாது. ஓரங்களில் அவற்றை வையுங்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

வீட்டில் ஒரு நாளில் வெளியே போகிற பொருட்களை எண்ணிப் பாருங்கள்: சாம்பல், மரக்கறித் தோல், அரிசி கழுவிய தண்ணி, குளித்த தண்ணி, சருகு, சாணம். இவற்றில் எத்தனை மண்ணுக்குத் திரும்புகிறது? ஞாயிற்றுக்கிழமை ஒரு கிடங்கை வெட்டுங்கள், ஒரு சாக்கை நிரப்புங்கள். பொன்னாங்காணித் தண்டு பத்து நட்டால் ஒன்றரை மாதத்தில் முதல் சுண்டல்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

1. ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் மரக்கறி விளைய மூன்று காரணங்கள் எவை?

2. நம்ம பீலித் தண்ணி இப்போது எங்கே போகிறது? எதற்குத் திருப்பலாம்?

3. நம்ம லயத்தில் எந்த இடத்தைப் பொதுத் தோட்டமாகக் கேட்கலாம்? யார் போய்க் கேட்பது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் பேசப் போகும்போது நானும் கூட வருகிறேன்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்